ஏழாம் நம்பர் வண்டியின் கண்ணாடி

நவம்பர் 4

பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு, முதல் பக்கத்தில் ஸ்டாண்டு முத்திரை குத்தி, இந்த நோட்டை இன்று காலை என் கையில் கொடுத்தார் போஜன் அண்ணன். கோத்தகிரியில் எங்கள் டாக்சி ஸ்டாண்டுக்கு அவர்தான் செயலாளர்.

"தினமும் எங்க போன, வண்டியில என்ன கோளாறு, எல்லாம் எழுதும்மா. பொங்கலுக்கு முன்னால சங்கத்துல வச்சுப் படிப்போம். ஒரு உரசல்கூட இல்லைன்னா ஏழாம் நம்பர் இடம் உனக்கு. உரசுச்சுன்னா வேற ஆளுக்கு."

சரி, எழுதுகிறேன். என் பெயர் யோகராணி. வயது நாற்பத்தாறு. ஃபேக்டரிக்குப் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப்பை ஆறு வருடம் ஓட்டியவள். ஏழாம் நம்பர் என் வீட்டுக்காரர் வீரமலையின் இடம். அக்டோபர் ஒன்பதாம் தேதி குருசடி வளைவில் வண்டியைத் தடுப்புச் சுவரில் மோதித் தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். வண்டிக்குள் பிராந்தி வாடை அடித்தது என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து, 'குடித்துவிட்டு ஓட்டினார்' என்று ரிஜிஸ்டரில் எழுதி அவர் பெயரை அடித்துவிட்டீர்கள். அவர் குடியை விட்டு மூன்று வருடம் ஆகிறது. உங்களுக்கும் அது தெரியும்.

எனக்கு இடம் மட்டும் போதாது. அந்த வரியும் அழிய வேண்டும். படிக்கிறவர்கள் இதையும் படித்துக்கொள்ளுங்கள்.

இன்று சவாரி: குன்னூர் போய் வந்தது, இரண்டு முறை. கோளாறு எதுவும் இல்லை. கண்ணாடி கொஞ்சம் மங்குகிறது. அவ்வளவுதான்.

நவம்பர் 5

மேட்டுப்பாளையம் சவாரி. கீழே இறங்கி பாக்குத் தோப்புகள் வந்ததும் முன்கண்ணாடி மொத்தமும் வெள்ளையாகிவிட்டது. துணி எடுத்துத் துடைத்தேன், துடைத்தேன், போகவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்: "அம்மிணி, ஆவி வெளிப்பக்கம் படிஞ்சிருக்குது. வைப்பரைப் போடுங்க."

போட்டேன். போய்விட்டது. மலையிலிருந்து ஜில்லென்று வந்த கண்ணாடி, கீழே புழுக்கம். அதனால் வெளியே படிகிறது. மேலே எங்கள் ஊரில் உள்ளே படிகிறது. விரலால் ஒரு கோடு போட்டுப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். பிக்கப்பில் நான் ஒருத்திதான், இரண்டு ஜன்னலையும் இறக்கிவிட்டு ஓட்டுவேன். எனக்கு எப்படித் தெரியும்? இனித் தெரியும்.

நவம்பர் 8

நான்கு நாளாக மழை விடவில்லை. மேகம் ரோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆட்கள் குடையோடும் நனைந்த ஸ்வெட்டரோடும் ஏறுகிறார்கள், ஏறியதும் கண்ணாடியை ஏற்றச் சொல்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் முன்னால் ஒன்றும் தெரிவதில்லை. இடது கையில் துணி, வலது கையில் ஸ்டியரிங்.

நாலாம் நம்பர் சகாயம் பார்த்துவிட்டுச் சிரித்தான். "என்னக்கா, ஓட்டறீங்களா, பாத்திரம் கழுவறீங்களா?"

"ரெண்டும் தெரியும்டா எனக்கு. உனக்கு ஒண்ணுதான் தெரியும், அதுவும் அரைகுறையா."

இருந்தாலும் அவன்தான் ஒரு வழி சொன்னான். வாய்ப் புகையிலையை நனைத்துக் கண்ணாடியில் தேய்க்க வேண்டுமாம். வைப்பர் செத்துப்போன காலத்தில் லாரிக்காரர்கள் செய்வதாம்.

நவம்பர் 9

புகையிலை வேலை செய்யவில்லை. அது வெளியே மழைத்தண்ணீருக்கு. உள்ளே தேய்த்ததில் நாள் முழுக்கச் சவாரிகள் தும்மினார்கள்.

நவம்பர் 13

வீட்டில் இவரிடம் கேட்டேன். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். தொடைக்குள் கம்பி வைத்திருக்கிறது. கைத்தடியோடு கக்கூஸ் வரைக்கும் போவார்.

"ஏங்க, நீங்க எப்படி ஓட்டுனீங்க இந்த மழையில?"

"கண்ணாடியக் கொஞ்சம் இறக்கி வச்சுக்க."

"இறக்குனா சவாரி சத்தம் போடறாங்க."

"போட்டாப் போடட்டும்."

"அன்னைக்கு நீங்க இறக்கி வச்சிருந்தீங்களா?"

அவர் பட்டாணியைப் பார்த்தார். அன்றைக்கு என்று நான் ஆரம்பித்தாலே இந்த மனிதருக்குக் காது கேட்காமல் போய்விடுகிறது. குடித்தீர்களா என்று ஸ்டாண்டில் கேட்டபோதும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிக்கிறதா? எனக்கு வந்த கோபத்தில் சோற்றில் உப்புப் போட மறந்துவிட்டேன். அதையும் பேசாமல் தின்றார்.

பிறகு நானே டார்ச்சோடு போய் வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்தேன். ஹீட்டர் குழாய் ஓட்டையாகி எப்போதோ மடக்கிக் கட்டியாயிற்று. ஃபேன் ஓடுகிறது, ஈரக்காற்றுதான் வருகிறது. ஏசி ஸ்விட்ச் மேல் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அது கிடக்கட்டும்.

நவம்பர் 17

உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டித் தேய்த்தேன். எதிரில் வந்த பஸ் லைட்டில் கண்ணாடி முழுக்க மாவுக் கோலம். அரை கிழங்கு வீண், அரை கிழங்கு குழம்பில்.

மாலையில் ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் ஒன்றை உள்பக்கம் தடவி, காய்ந்த துணியால் பளபளப்பு வரும்வரை தேய்த்தேன். இது பரவாயில்லை. இரண்டு சவாரி தாங்கியது.

நவம்பர் 18

மூன்றாவது சவாரி தாங்கவில்லை.

நவம்பர் 21

காரணத்தைப் பிடித்துவிட்டேன். ஈரம் வெளியிலிருந்து வருவதில்லை, வண்டிக்குள்ளேயே இருக்கிறது. கால்மிதியைத் தூக்கினால் அடியில் தண்ணீர் நிற்கிறது. ஒவ்வொரு சவாரியும் செருப்பில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போகிறது. அதுபோக ஐந்து பேர் மூச்சு.

கால்மிதிகளை வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில் காய வைத்தேன். கல் உப்பைப் பழைய சாக்ஸில் கட்டி டேஷ்போர்டு மேல் வைத்தேன். குடைகளுக்குக் கதவுப் பக்கத்திலேயே ஒரு பக்கெட். "என்ன டீச்சர் கிளாஸா இது?" என்று கேட்டான் சகாயம். ஆமாம் என்றேன்.

கொஞ்சம் குறைந்திருக்கிறது. போகவில்லை. உப்புத்தான் கரைந்து சாக்ஸ் வழியாகச் சொட்டுகிறது. விடமாட்டேன். ஒரு கண்ணாடிக்கு என்னைவிடப் பிடிவாதம் இருக்க முடியாது.

நவம்பர் 26

குளோரி டீச்சர் என் வண்டியில் ஏறினார். அக்டோபர் ஒன்பதாம் தேதி வீரமலையோடு வண்டியில் இருந்த ஒரே ஆள் அவர்தான். ரிட்டயர் ஆன ஹெட்மிஸ்ட்ரஸ், தனியாக இருக்கிறார். அன்று கழுத்தெலும்பு உடைந்தது. குன்னூரில் தோளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், வாரம் ஒரு முறை போக வேண்டும். வேறு வண்டி எதுவும் இல்லாததால் என் வண்டி. நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் ஏறினார்.

பாதி வழியில் நான் துணியைக் கையில் எடுத்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது. "அவரும் இப்படித்தான் யோகா துடைச்சிக்கிட்டே வந்தார். துணி நனைஞ்சு போச்சு, சட்டைக் கையால துடைச்சார். நான் தொப்பலா நனைஞ்சு ஏறியிருந்தேன். எனக்குச் சளி, கண்ணாடிய ஏத்துங்கன்னு நான்தான் சொன்னேன்."

"அப்ப அவர் குடிக்கலைன்னு உங்களுக்குத் தெரியும்."

டீச்சர் மடியிலிருந்த பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"டீச்சர், வாடை எங்கிருந்து வந்துச்சு?"

"தோள் வலிக்குது யோகா. பேச முடியல."

வீட்டில் இறக்கிவிட்டபோது பையை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். மேசை மேல் பெரிய பீங்கான் ஜாடி. கிறிஸ்துமஸ் கேக்குக்கு உலர்ந்த திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் ஊறுகின்றன. வீடு முழுக்க அந்த மணம். நான் கொஞ்ச நேரம் நின்றேன். டீச்சர் ஜாடி மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார்.

டிசம்பர் 9

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சகாயம் வேறு மாதிரி சொல்லியிருப்பான்.

குன்னூர்ப் பக்கம் ஒரு சாவு. நான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், எடுத்த பிறகு திரும்பக் கூட்டி வந்தேன். எல்லோரும் அங்கேயே குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு, பிழிந்தும் பிழியாத சேலையோடு ஏறினார்கள். வண்டிக்குள் நான்கு ஈரத்தலை. நான் என் பக்கத்து ஜன்னலை நான்கு விரல் இறக்கினேன். "ஐயோ ஏத்திவிடு தாயி, சன்னி வந்துரும்" என்று நான்கு பேரும் ஒரே குரலில். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்களோடு என்ன சண்டை போடுவது, ஏற்றிவிட்டேன்.

குருசடி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் எல்லாமே போய்விட்டது. துடைத்த இடம் துணியை எடுப்பதற்குள் மூடிக்கொண்டது. ரோடு இடது பக்கம் திரும்புகிறதா, திரும்பிவிட்டதா என்று தெரியவில்லை. அந்த இரண்டு நொடி பயந்துபோனேன். அதை ஒளிக்க மாட்டேன். பயந்தாலும் குருட்டாம்போக்கில் ஓட்டவில்லை. இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன். கதவைத் திறந்து பார்த்தேன். சுவர் ஒரு முழம் தள்ளி இருந்தது. அவர் மோதிய அதே சுவர், புதிதாகப் பூசிய சிமெண்டு இன்னும் நிறம் மாறவில்லை.

பின்னால் வந்த சகாயம் என் பம்பரில் இடித்தான். பெரிய இடி இல்லை, உரசல்தான். இறங்கி வந்து கத்தினான். "வளைவுல எவளாச்சும் நிறுத்துவாளா? புருசன் சுவத்துல மோதுனான், பொண்டாட்டி நடு ரோட்ல நிக்கறா. உங்க குடும்பத்துக்கே ஒரு கும்பிடு."

நானும் கத்தினேன். கத்தியதை எழுத வேண்டாம். பின்னால் பத்துப் பதினைந்து வண்டி சேர்ந்துவிட்டது. அந்த வரிசையில் கோயம்புத்தூர் நம்பர் போட்ட டாக்சி ஒன்று. உள்ளே ஐந்து பேர், எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருக்கிறது, அத்தனை கண்ணாடியும் தெள்ளத் தெளிவு. உள்ளே ஒரு குழந்தை பிஸ்கெட் தின்பதுகூடத் தெரிந்தது.

சகாயத்தை அப்படியே விட்டுவிட்டு அந்த வண்டியைப் போய்த் தட்டினேன். மீசைக்காரர் ஒருவர் கண்ணாடியை இறக்கினார். உள்ளிருந்து ஜில்லென்று காற்று.

"அண்ணா, என்ன தடவியிருக்கீங்க கண்ணாடிக்கு?"

"ஒண்ணும் தடவலீங்க. ஏசி போட்டிருக்கனுங்க."

"இந்தக் குளிர்லயா?"

"குளிருக்குப் போடறதில்லீங்கக்கா. ஏசி காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சிரும். மழைத்தண்ணி மாதிரி அடியில ஒழுகும் பாருங்க, அது உள்ள இருந்த ஈரந்தான். வெளிக்காத்து வர்ற மாதிரி வச்சு, கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டா ஒரு நிமிசத்துல தெளிஞ்சுருங்க."

கீழ்நாட்டு டிரைவர்களுக்கு மலையில் ஓட்டத் தெரியாது என்று நாங்கள் பேசாத நாள் கிடையாது. அந்த ஆள் தெளிவான கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், நான் வெளியே மழையில் நின்றேன்.

எங்கள் ஸ்டாண்டில் பதினோரு வண்டி. பதினொன்றிலும் ஏசியை ஓட்டும் பெல்ட்டைக் கழற்றிப்போட்டிருக்கிறோம். ஏற்றத்தில் இழுக்காது, மலையில் ஏசி எதற்கு என்று.

டிசம்பர் 10

இன்று எழுத எதுவும் இல்லை.

டிசம்பர் 11

சகாயம் புகார் கொடுத்துவிட்டான். பொங்கல் வரைக்கும் காத்திருக்கப் போவதில்லையாம். இருபத்தொன்றாம் தேதி காலை கூட்டம் என்று போஜன் அண்ணன் சொல்லி அனுப்பினார்.

மெக்கானிக் அன்வரிடம் வண்டியை விட்டேன். கம்ப்ரஸர் அப்படியேதான் இருக்கிறது. புது பெல்ட் போட்டு, கேஸ் அடித்தால் ஓடும் என்றான். பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டே, "இதக் கழட்டும்போது வீரமலை அண்ணன் வேணாம்னாருக்கா. நீங்கதான் பக்கத்துல நின்னு கழட்ட வச்சீங்க" என்றான்.

அன்வருக்கு வயதாகிவிட்டது. யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறான்.

டிசம்பர் 14

அன்வருக்கு வயது முப்பத்தெட்டு. அவனுக்கு நன்றாகத்தான் ஞாபகம் இருக்கிறது.

அன்வர் சொன்னதை எழுதிய தாளைக் கிழித்துவிடலாம் என்று மூன்று நாளாகப் பார்க்கிறேன். எண் போட்ட நோட்டு. நாற்பதுக்கு அடுத்து நாற்பத்துமூன்று வந்தால் கேட்பீர்கள். கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு மழைநாள், என் தங்கைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். கண்ணாடி மங்கியது. இவர் ஏசியைப் போட்டார். ஏற்றத்தில் வண்டி திணறியது, தங்கைகள் போர்வை கேட்டார்கள். "குளிர்ல ஏசி போடற ஆள இப்பத்தான் மச்சான் பாக்கறோம்" என்று சிரித்தார்கள். எனக்கு மானம் போய்விட்டது. மறுநாளே வண்டியை அன்வரிடம் ஓட்டிப்போனேன். இவர் பின்னாலேயே நடந்து வந்தார். "வேணாம் யோகா, மழைக்கு உதவும்" என்றார், ஒரே ஒரு தடவை. "ஸ்டாண்டுல எல்லாரும் கழட்டியாச்சு. நீங்க மட்டும் கோயம்புத்தூர் மாப்பிள்ளையா?" என்று கேட்டேன். நின்று கழற்ற வைத்தேன். ஸ்விட்ச் மேல் பிள்ளையாரை ஒட்டியதும் நான்தான்.

இதுவரை எழுதிவிட்டு உள்ளே போனேன். இவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அணைத்தேன்.

"கண்ணாடி தெரியாமத்தான் மோதுனீங்க."

கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பெல்ட்ட நான் கழட்டுனதாலதான் தெரியல. உங்களுக்குத் தெரியும். மொத நாள்ல இருந்தே தெரியும்."

"இப்ப அதுக்கு என்ன?"

"ஊரே குடிகாரன்னு சொல்லுது. இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே."

"இல்லைன்னா ஏன் மோதுனன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா உன் பேரு வரும்." கைத்தடியை அப்படியும் இப்படியும் உருட்டினார். "என்னையக் குடிகாரன்னு ஊரு ஒரு வருசம் பேசும், அப்புறம் மறந்துரும். நீ பண்ணதுன்னு உனக்குத் தெரிஞ்சா, நீ சாவற வரைக்கும் உனக்குள்ள பேசிக்கிட்டே இருப்ப. எனக்குத் தெரியாதா உன்னைய?"

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. "யாரு கேட்டா உங்ககிட்ட இந்தத் தியாகத்த? ரெண்டு மாசமா உங்க பேருக்காக நான் ஸ்டாண்டுல நாய் மாதிரி சண்டை போட்டுட்டு இருக்கேன். நீங்க இங்க உக்காந்து பட்டாணி உரிச்சுக்கிட்டு என்னையக் காப்பாத்தறீங்களா? என்னையக் காப்பாத்த எனக்குத் தெரியும்."

"அதான் தெரியுமே" என்றார். பிறகு, "உப்பு மட்டும் போடத் தெரியாது" என்றார்.

அப்போதுதான் அழுதேன்.

டிசம்பர் 17

குளோரி டீச்சர் சவாரி. வண்டி கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். பெல்ட்டைக் கழற்றியது நான், இருபத்தொன்றாம் தேதி ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லப்போகிறேன் என்று. டீச்சர் குன்னூர் போகும் வரை ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "எத்தனை மணிக்குக் கூட்டம்?" என்று கேட்டார்.

டிசம்பர் 20

சவாரி இல்லை. நேற்றே அன்வர் புது பெல்ட் போட்டு, கேஸ் அடித்துவிட்டான். வண்டியை உள்ளும் புறமும் கழுவித் துடைத்தேன். கால்மிதி காய்ந்துவிட்டது. பிள்ளையாரைக் கிழிக்காமல் பெயர்த்தெடுத்து, டேஷ்போர்டுக்கு நடுவில் ஒட்டினேன். அவர் ஒரு பாவமும் செய்யவில்லை.

டிசம்பர் 21

காலை எட்டு மணி. மழை. ஸ்டாண்டு தகரக் கூரைக்குக் கீழே பத்து டிரைவர்களும் நின்றார்கள். போஜன் அண்ணன் இந்த நோட்டைக் கேட்டார். "கடைசியாத் தர்றேன். மொதல்ல நாலு பேர் என் வண்டியில ஏறுங்க" என்றேன்.

"என்னம்மா விளையாட்டு?"

"ஏறுங்கண்ணா. புகார் கொடுத்தவனையும் ஏத்துங்க."

போஜன் அண்ணன் முன் சீட்டில். சகாயமும் இன்னும் இரண்டு பேரும் பின்னால், நனைந்த ஸ்வெட்டரும் குடையுமாக. எல்லாக் கண்ணாடியையும் ஏற்றினேன். என்ஜினை ஓட விட்டு, ஃபேனை மட்டும் போட்டேன். வண்டிக்கு நேர் எதிரில், பத்து அடி தள்ளி, குளோரி டீச்சர் சிவப்புக் குடையோடு நின்றார். நான் சொல்லித்தான் நின்றார். இந்த மழையில், அந்தத் தோளோடு.

"சகாயம், வாட்ச்சப் பாரு."

முதல் நிமிடம் ஓரங்கள் மங்கின. இரண்டாவது நிமிடம் குடையின் சிவப்பு மட்டும் தெரிந்தது. நான்காவது நிமிடம் அதுவும் இல்லை. வண்டிக்குள் ஐந்து பேர் மூச்சு.

"எதிர்ல என்ன நிக்குதுண்ணா?"

போஜன் அண்ணன் கையால் துடைத்தார். துடைத்த இடம் அவர் கையை எடுப்பதற்குள் மூடியது. இன்னொரு தடவை துடைத்தார்.

"குருசடி வளைவுல அவருக்கு இதான் தெரிஞ்சுது" என்றேன். "இப்பப் பாருங்க."

ஏசியைப் போட்டேன். வெளிக்காற்று வரும்படி லீவரைத் தள்ளி, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். கீழே இரண்டு ஓரத்திலும் முதலில் தெளிந்தது. அந்தத் தெளிவு மேலே ஏறிக்கொண்டே வந்தது. டீச்சரின் செருப்பு, பிறகு சேலை, பிறகு குடை, பிறகு டீச்சரின் முகம். ஒன்றரை நிமிடம் என்றான் சகாயம், யாரும் கேட்காமலேயே.

இறங்கினோம். நான் கூரைக்குக் கீழே நின்று சொன்னேன். "இந்த ஏசியக் கழட்டச் சொன்னது நான். அவர் வேணாம்னார். நான் கேக்கல. அவர் குடிக்கல. மோதுனதுக்குக் காரணம் எழுதணும்னா என் பேர எழுதுங்க. அவர் பேர்ல இருக்கற அந்த வரிய அடிங்க."

"அப்ப பிராந்தி வாடை?" யாரோ ஒருவர் பின்னாலிருந்து.

டீச்சர் குடையை மடக்கினார். "அது என்னுது" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். ஸ்டாண்டில் பாதிப் பேருக்கு அவர்தான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். "கேக்குக்குப் பழம் ஊற வைக்க ஒரு பாட்டில் வாங்கிப் பையில வச்சிருந்தேன். மோதினதுல உடைஞ்சு அவர் மேல எல்லாம் கொட்டிடுச்சு. பிராந்திக் கடையில போய் நின்ன டீச்சர்னு ஊர் சொல்லுமேன்னு வாயத் திறக்கல. ஒரு மனுசன் பேரக் கெடுத்துட்டு இத்தனை நாள் கோயிலுக்குப் போய்ட்டிருக்கேன்."

டீச்சர் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எந்த முகத்தோடு கோபப்படுவது? நானும் அதே நாட்களில் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டு ஓட்டியவள்தானே. துண்டெடுத்து அவர் தலையைத் துவட்டிவிட்டேன்.

போஜன் அண்ணன் நோட்டை வாங்கிக்கொண்டார். நின்றபடியே கடைசிப் பக்கங்களைப் படித்தார். பிறகு ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி, அக்டோபர் ஒன்பதாம் தேதியைப் பிரித்து, அந்த வரியை ஸ்கேல் வைத்து அடித்து, பக்கத்தில் 'கண்ணாடி தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீரமலை பெயரை மறுபடி எழுதினார். என் பெயரைக் காரணத்தில் எழுதவில்லை. எழுதுங்கள் என்று கேட்டேன். "பெல்ட்டக் கழட்டுனவங்க பேரெல்லாம் எழுதணும்னா இங்க பதினொரு பேரு வருது. என் பேர்தான் மொதல்ல" என்றார்.

"அப்ப அந்த உரசல்?" என்று கேட்டேன். எதையும் பாக்கி வைக்கப் பிடிக்கவில்லை.

சகாயம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பின்னாடி வந்து இடிச்சது நான்தானே. எனக்கும் கண்ணாடி தெரியலக்கா."

"அதை அன்னைக்கே சொல்லியிருந்தா என்னடா?"

"நீங்க சொன்னீங்களா?"

போஜன் அண்ணன் வீரமலை பெயருக்குப் பக்கத்திலேயே என் பெயரையும் எழுதினார். ஏழாம் நம்பர் இடம் எனக்கு.

டிசம்பர் 23

நோட்டு திரும்பி வந்துவிட்டது. இனி எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. பக்கம் மிச்சம் இருக்கிறது, எழுதுகிறேன்.

அன்வர் பட்டறையில் நான்கு வண்டி வரிசையில் நிற்கிறது. நாலாம் நம்பர் முதலில். பெல்ட் ஸ்டாக் இல்லையாம், கோயம்புத்தூருக்குச் சொல்லியிருக்கிறான்.

கால் காட்டுவதற்கு இவரைக் குன்னூருக்குக் கூட்டிப்போனேன். மோதிய நாளுக்குப் பிறகு இந்த வண்டியில் இவர் ஏறுவது இதுதான் முதல் தடவை. முன் சீட்டைப் பின்னால் தள்ளிக் காலை நீட்டி உட்கார வைத்தேன். மேகம் நன்றாக இறங்கியிருந்தது. வெளியே இருப்பதை நான் ஒன்றும் செய்ய முடியாது, மஞ்சள் லைட்டைப் போட்டு மெதுவாகப் போனேன். உள்ளே கண்ணாடி சுத்தம்.

குருசடி வளைவு வந்தது. சுவர் முழுசாகத் தெரிந்தது, புது சிமெண்டும், அதற்குப் பின்னால் பள்ளத்தில் தேயிலையும். அவர் கழுத்தைத் திருப்பி, அது பின்னால் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கு இந்தச் சுவரே இல்ல யோகா" என்றார். அன்று கண்ணில் பட்டதைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"இப்பத் தெரியுதுல்ல?"

"தெரியுது." இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டார். "ரொம்பக் குளிருது. ஏசியக் கொஞ்சம் நிறுத்தேன்."

பின் சீட்டிலிருந்த போர்வையை எட்டி எடுத்து அவர் மடியில் போட்டேன்.

"போர்த்திக்கங்க" என்றேன்.